வன்னிக்குளத்துப் பாதி மீசைகள்

வன்னிக்குளத்து ஆண்களின் மீசை பாதியோடு நின்றுபோன வருஷத்தில் மழை சரியாகத்தான் பெய்தது, உளுந்து நன்றாகத்தான் விளைந்தது, கோவில்பட்டி பஸ் வழக்கம்போல் பத்து நிமிஷம் பிந்தித்தான் வந்தது. மீசை ஒன்றைத் தவிர மற்ற எல்லாம் ஒழுங்காக நடந்துகொண்டிருந்ததால் ஊரில் யாரும் பெரிதாக ஆச்சரியப்படவில்லை. ஆச்சரியப்பட்டிருந்தால் கொஞ்சம் பயந்திருப்பார்கள், பயந்திருந்தால் கொடுக்க வேண்டியதைக் கொடுத்திருப்பார்கள், என் அக்காவும் கார்த்திகை வரைக்கும் உட்கார்ந்தபடியே தூங்கியிருக்க வேண்டியதில்லை.

இதில் என் பங்கை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் அக்கா செண்பகவல்லிக்குச் சின்ன வயதில் வந்த ஒரு காய்ச்சல் அவள் இதயத்தின் வால்வு ஒன்றைக் கெடுத்துவிட்டுப் போயிருந்தது. முப்பத்தோரு வயதில், தையல் மிஷினை மிதித்தால் மூச்சு வாங்குகிறது என்று மோட்டார் வைத்தோம். பிறகு மோட்டார் வைத்த மிஷினுக்கு முன்னால் உட்கார்ந்தாலே மூச்சு வாங்கியது. தை பிறப்பதற்குள் வால்வை மாற்றிவிட வேண்டும் என்று மதுரை டாக்டர் சொன்னார். காப்பீட்டு அட்டை கொடுத்தது போக இன்னும் கிட்டத்தட்ட நாலு லட்சம் வேண்டியிருந்தது. அப்பா பலவேசத்துக்கு பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இரண்டு நாற்காலி போட்ட முடிதிருத்தும் கடை. எனக்கு ஒரு பட்டமும், எங்கள் குடும்பத்தில் நான்தான் முதல் பட்டதாரி என்பதற்குத் தாசில்தார் கொடுத்த சான்றிதழும், ஒரு போனும் இருந்தன. இவற்றில் போன் மட்டும்தான் வேலை செய்தது.

ஒருநாள் எங்கள் கடையில் ஒரு லாரி டிரைவர் மீசையை எடுத்துக்கொண்டிருந்தார். பாதி எடுத்த நிலையில், வெளியே நின்ற அவருடைய லாரியை யாரோ இடித்துவிட, கழுத்தில் கட்டிய துணியோடு ஓடிப்போய்ச் சண்டை போட்டார். எதிரே நின்றவர் கெட்ட வார்த்தை சொல்ல வாயைத் திறந்து, அந்த முகத்தைப் பார்த்து, சிரித்துவிட்டார். சண்டை அதோடு முடிந்தது. டிரைவரிடம் அனுமதி கேட்டு அந்த வீடியோவை நான் போட்டேன். இரண்டே நாளில் மூன்று லட்சம் பேர் பார்த்தார்கள். அக்கா சிரித்துச் சிரித்து, மூச்சு முட்டி, சுவரில் சாய்ந்துகொண்டு சொன்னாள்:

"ஏல, இதுக்கு ஆளுக்கு ரெண்டு ரூவா வாங்கிருந்தாக்கூட எனக்கு நெஞ்சு சரியாயிருக்கும்லா."

அப்படித்தான் அந்தச் சவால் பிறந்தது. பாதி மீசையை எடுக்க வேண்டும், கேமராவைப் பார்த்து இரண்டு வரி சொல்ல வேண்டும், இரண்டாயிரம் ரூபாய் அனுப்ப வேண்டும், அடுத்துச் செய்ய மூன்று பேரைக் கூப்பிட வேண்டும். எங்கள் ஊரில் அப்பா செத்தால்தான் மீசையை எடுப்பார்கள். ஆனால் பாதி எடுத்தால் எடுத்ததாகாது, சிரிப்புக்குச் சிரிப்பும் ஆயிற்று, தர்மத்துக்குத் தர்மமும் ஆயிற்று என்று எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள்.

அந்த இரண்டு வரிகளை நான்தான் எழுதினேன். பதினோரு தடவை எழுதி அடித்தேன். வேறு ஊர்களில் இப்படி ஆடியவர்களையும், பாடியவர்களையும், பச்சை மிளகாயைக் கடித்தவர்களையும் போனில் பார்த்திருந்தேன். பார்த்தவர்கள் கைதட்டினார்கள், செய்தவர்கள் வீட்டுக்குப் போனார்கள், யாருக்காகச் செய்தார்களோ அவர்கள் அங்கேயே இருந்தார்கள். அந்தப் பயத்தில் கடைசியில் இப்படி எழுதினேன்: "செண்பகவல்லியின் சிகிச்சைக்கு இரண்டாயிரம் ரூபாய் தருவேன். தரும்வரை என் மீசை இப்படியே இருக்கும்."

சாமிக்கு முடி வளர்க்கிறவர்களும் இப்படி ஒரு கெடு வைத்துத்தான் வளர்ப்பார்கள். ஆகவே யாருக்கும் அது புதிதாகப் படவில்லை.

முதலில் வந்தவர் எண்ணெய் மில் செல்லப்பாண்டியன், வணிகர் சங்கத் தலைவர். மேளத்தோடு வந்தார். அவர் அப்பாவைவிடப் பதினைந்து வயது இளையவர். எங்கள் ஊரில் அப்பாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட வயது தேவையில்லை.

"ஏ பலவேசம், எடுலே. கேமராவுல நல்லாத் தெரியுற பக்கமா எடு."

"எந்தப் பக்கம் அண்ணாச்சி?"

"இடது. வலது பக்கத்துலதான் நான் லட்சணமா இருப்பேன்."

அவர் இரண்டு வரியையும் ஒரு அமைச்சர் உறுதிமொழி எடுப்பதுபோலச் சொன்னார். அவர் கூப்பிட்ட மூன்று பேர் வந்தார்கள், அந்த மூன்று பேர் கூப்பிட்ட ஒன்பது பேர் வந்தார்கள். பத்து நாளில் இருநூற்றுப் பன்னிரண்டு பேர் எங்கள் கடையில் பாதி மீசையை விட்டுவிட்டுப் போனார்கள். யாரும் பணம் அனுப்பவில்லை. அனுப்புவார்கள் என்று நான் நம்பினேன். அனுப்பவே மாட்டோம் என்று அவர்களும் நினைத்திருக்கவில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். நாளைக்கு என்று நினைத்தார்கள்.

ஒரு வாரம் கழித்துச் செல்லப்பாண்டியன் மூக்குக்குக் கீழே இடது பக்கத்தைத் தடவிக்கொண்டே கடைக்குள் வந்தார். அந்த இடம் குழந்தையின் கன்னம்போல் வழுவழுவென்று இருந்தது. ஒரு முடி முளைக்கவில்லை.

"என்னலே மருந்து போட்ட?"

"தண்ணியும் சோப்பும்தான் அண்ணாச்சி."

"சரி, அப்ப இந்தப் பக்கத்தையும் எடுத்துரு. மொத்தமா வளந்துக்கிடட்டும்."

அப்பா வலது பக்கத்தையும் எடுத்தார். நுரையைத் துடைக்கத் துண்டை எடுத்துத் திரும்புவதற்குள் அந்த வலது பாதி, முறுக்கோடும் நரையோடும், பழைய இடத்திலேயே உட்கார்ந்திருந்தது. இன்னொரு தடவை எடுத்தார். இன்னொரு தடவை வந்தது. மூன்றாவது தடவை எடுத்துவிட்டு அப்பா கத்தியைக் கழுவி வைத்தார். "இது என் கையில இல்ல அண்ணாச்சி" என்றார். அதற்குள் வாசலில் வழுவழுப்பானவர்கள் நாற்பது பேர் கூடிவிட்டார்கள்.

நான் போனை எடுத்து அந்த இரண்டு வரிகளை அவர்களுக்குப் படித்துக் காட்டினேன். தெளிவாகத்தான் படித்தேன். தரும்வரை இப்படியே இருக்கும் என்று எல்லோரும் சொல்லியிருக்கிறீர்கள், தந்துவிட்டால் சரியாகிவிடும் என்று நினைக்கிறேன் என்றேன்.

"தரமாட்டோம்னு யாரு சொன்னா? ரெண்டாயிர ரூவாய்க்கு ஊரை விட்டு ஓடியா போயிருவோம்?" என்றார் செல்லப்பாண்டியன். கூட்டம் அதை ஆமோதித்துவிட்டு டீ குடிக்கப் போயிற்று.

அன்று மாலை ஆசீர்வாதம் சார் மட்டும் பணம் அனுப்பினார். அரசுப் பள்ளியில் விளையாட்டு ஆசிரியர். அரை மணி நேரத்தில் அவர் மீசையின் மறுபாதி முளைத்து, நீண்டு, இந்தப் பாதிக்குச் சரியாக வந்து நின்றுகொண்டது. அவர் மைதானத்தில் விசில் ஊதிக்கொண்டிருந்தபோதே அது நடந்தது; விசில் கொஞ்சம் சுருதி மாறியது என்று பையன்கள் சொன்னார்கள். இனி ஊர் முழுக்க வரிசையில் நின்று அனுப்பப்போகிறது என்று நான் அக்காவிடம் சொன்னேன். அக்கா ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை டீக்கடையில் ஆசீர்வாதம் சார் முழு மீசையோடு போய் உட்கார்ந்தபோது பெஞ்சில் இருந்தவர்கள் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்கள்.

"என்ன சார், அவுட் ஆயிட்டிய போலிருக்கு?" என்றார் ஒருவர்.

"என்னது அவுட்?"

"சவால்னு எறங்கியாச்சு. கடைசி வரைக்கும் நிக்கிறவன்தான ஆம்பள? நீங்க ஒரே நாள்ல தோத்துட்டியளே."

"நான் பணம் அனுப்பிட்டேன்யா. அதான் வளர்ந்திருக்கு."

"அதத்தான் சொல்லுதோம். தாக்குப்பிடிக்க முடியாம அனுப்பிட்டிய."

சிரித்தார்கள். எங்கள் ஊர் தலைமுறை தலைமுறையாகக் கபடி ஆடுகிற ஊர். கோட்டைத் தாண்டாமல் நிற்பவன் உள்ளே, தாண்டியவன் வெளியே. அதற்கு மேல் ஒரு கணக்கு அவர்களுக்குத் தேவைப்பட்டதே இல்லை. பாதி மீசை வைத்திருப்பவன் ஆட்டத்தில் இருக்கிறான், முழு மீசைக்காரன் ஆட்டமிழந்துவிட்டான் என்பது அந்த ஒரு காலைப் பொழுதுக்குள் இருநூற்றுப் பதினொரு பேருக்கும் விளங்கிவிட்டது. விளங்கிய பிறகு யார் பணம் அனுப்புவார்கள்?

அதற்குப் பிறகு ஊர் அந்த மீசையை ஏற்றுக்கொண்ட வேகத்தை நினைத்தால் எனக்கு இப்போதும் கூசுகிறது. முப்பதாம் நாள் என்று வீடியோ போட்டார்கள், ஐம்பதாம் நாள் என்று கேக் வெட்டினார்கள். நூறாவது நாளுக்கு பஸ் ஸ்டாண்டை மறைத்து பிளெக்ஸ் வைத்தார்கள். அதில் இருநூற்றுப் பதினொரு பாதி மீசைகள் இருந்தன, ஒரு மூலையில் ரேஷன் அட்டையில் இருந்து எடுத்த என் அக்காவின் படம் தபால்தலை அளவில் இருந்தது, அவள் பெயரைத் தப்பாக எழுதியிருந்தார்கள். ஆதார் அட்டையில் புதுப் படம் எடுக்க வரிசை நின்றது. பெண் பார்க்கப் போன இடங்களில் மாப்பிள்ளைக்கு எவ்வளவு நிலம் என்பதற்கு முன்னால் மீசை நிஜமா என்று கேட்டார்கள். பெண்ணின் தாய்மாமன் எழுந்துவந்து மாப்பிள்ளையின் மேலுதட்டைக் கட்டைவிரலால் தடவிப் பார்ப்பது ஒரு சடங்காயிற்று. வெளியூர்களில் இருந்து டிவிக்காரர்கள் வந்தார்கள், கொடைவள்ளல்களின் ஊர் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அந்தக் கொடை யாருக்கு, எவ்வளவு வந்தது என்று ஒரு மைக்காவது கேட்கும் என்று நான் ஒவ்வொரு தடவையும் போய்ப் பக்கத்தில் நின்றேன். கொஞ்சம் தள்ளி நில்லுங்க, பிரேமில் வருகிறீர்கள் என்றார்கள்.

பிறகு சண்டை வந்தது. இடது பக்கம் எடுத்தவர்களும் வலது பக்கம் எடுத்தவர்களும் முதலில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்துதான் டீ குடித்தார்கள். எது அசல் என்ற பேச்சு யார் வாயில் முதலில் வந்தது என்று தெரியவில்லை. ஒரு மாதத்தில் இரண்டு பெஞ்சு, இரண்டு சங்கம், இரண்டு வாட்ஸ்அப் குழு. கண்ணாடியைப் பார்த்துத் தன்னை வலது என்று நம்பி அந்தச் சங்கத்தில் பதவி வரைக்கும் போன ஒருவரை, அவர் இடது என்று கண்டுபிடித்து, பொதுக்குழுவில் வைத்து நீக்கினார்கள்.

கண்மாய்க்கரையில் எங்கள் ஊர்க் காவல்தெய்வம் கரையடி மாடன் பதினைந்தடி உயரத்துக்குச் சிமெண்டில் உட்கார்ந்திருக்கிறார். அவர் மீசை ஒரு பக்கத்துக்கு ஒரு கை நீளம். ஊர் முழுக்கப் பாதியாக இருக்கும்போது சாமி மட்டும் முழுசாக இருந்தால், சாமி ஆட்டத்தில் இல்லை என்று ஆகிவிடுமே என்று இடதுக்காரர்கள் ஒருநாள் ஏணி வைத்து ஏறி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து இடது மீசையை எடுத்துவிட்டுத் தோல் நிறத்தில் பெயிண்ட் அடித்தார்கள். செய்தி கேட்டு மறுநாள் வலதுக்காரர்கள் ஏறி வலதை எடுத்தார்கள். இரண்டும் போன பிறகுதான் அத்தனை வருஷமாக மீசை மறைத்திருந்த சாமியின் வாய் முதல்முறையாக வெளியே தெரிந்தது. அவர் சிரித்துக்கொண்டிருந்தார். பூசாரி அன்று முழுக்க நிமிர்ந்து பார்க்காமலே பூஜை செய்தார்.

இவ்வளவுக்கும் நடுவில் எங்கள் கடைக்கு விடியற்காலையில் சிலர் வர ஆரம்பித்தார்கள். தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு பின்வாசல் வழியாக வருவார்கள். முதலில் வந்தவர் ஆசீர்வாதம் சார். டீக்கடையில் தினமும் கேட்கும் கேள்விக்கு அவரால் பதில் சொல்ல முடியவில்லை. பள்ளியில் பையன்களும் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். "திரும்ப எடுத்திருங்க பலவேசம்ணே" என்றார். எங்கள் அப்பாவை அண்ணே என்று கூப்பிட்ட ஒரே வாடிக்கையாளர் அவர்தான். பணம் கொடுத்தவர்களுக்கு முடி மற்றவர்களைப்போல் நாளுக்குக் கொஞ்சம் வளரும், அதனால் அவர்கள் தினமும் வந்து, கொடுக்காதவர்கள்போல் வழித்துக்கொண்டு போக வேண்டியிருந்தது. இப்படிப் பத்தொன்பது பேர் ஆனார்கள். தர்மம் செய்ததை, செய்யக் கூடாத எதையோ செய்துவிட்டதுபோல மறைத்துக்கொண்டு திரிந்தார்கள்.

"இவங்க பேரைப் போட்டுடலாம்ப்பா, மத்தவங்களுக்கு ரோசம் வரும்" என்றேன்.

"நாற்காலியில உக்காந்தவன் முகத்தைப் பத்தி வெளிய பேசினா நான் இந்தத் தொழில் பாக்க முடியாது" என்றார் அப்பா. "உனக்கு இன்னொரு தொழில் கெடைக்கும்வரை இதுதான் சோறு."

ஐப்பசி பிறந்துவிட்டது. அக்காவின் கால்கள் வீங்கின. அடுக்களையில் இருந்து மிஷின் வரைக்கும் நடக்க நடுவில் ஒரு ஸ்டூல் போட்டிருந்தோம். படுத்தால் மூச்சு நிற்கிறது என்று மூன்று தலையணை வைத்துச் சாய்ந்தே இரவைக் கழித்தாள். மதுரையில் இருந்து கார்த்திகைக் கடைசிக்கு ஒரு தேதி கொடுத்து, பாக்கியைக் கட்டினால்தான் உறுதி என்று சொல்லியிருந்தார்கள். அந்தப் பத்தொன்பது பேரின் பணம் பத்தில் ஒரு பங்குக்கும் எட்டவில்லை.

அந்தக் கார்த்திகையில் ஊர்க்காரர்கள் மாடனுக்கு ஒரு கொடை விழா நடத்துவது என்று முடிவெடுத்தார்கள். வழக்கமாகச் சித்திரையில்தான் நடக்கும். மீசைக்காக இது கூடுதல். இரு சங்கத்தாரையும் தாலுகா ஆபீசில் உட்காரவைத்துச் சமாதானம் பேசி, சாமிக்கு வெள்ளியில் பாதி மீசை செய்து சாத்துவது, ஆறு மாதம் இந்தப் பக்கம், ஆறு மாதம் அந்தப் பக்கம் என்று எழுதி வாங்கினார்கள். முதல் ஆறு மாதத்து வெள்ளி மீசை செல்லப்பாண்டியன் உபயம்.

கொடைக்கு ரவிக்கை தைக்கக் கொடுத்தவர்கள் எல்லாம் கொடையன்று மத்தியானம் எங்கள் வீட்டு வாசலில் காத்திருந்தார்கள். மூச்சு வாங்கிக்கொண்டே அக்கா கொக்கி தைத்துக்கொண்டிருந்தாள். செல்லப்பாண்டியனின் மனைவி குருவம்மாள் உள்ளே வந்து, ரவிக்கையை வாங்கிக்கொள்ளாமல், ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"ஏட்டி செண்பகம், என் முழங்காலுக்கு ஊசி போட நாலு வருசமா சீட்டுப் போட்டு வச்சிருந்தேம்லா? அதை எடுத்துத்தான் வெள்ளி மீசை அடிச்சிருக்காரு."

"உங்ககிட்ட கேக்கலயா மதினி?"

"கேட்டாரே. வெள்ளியில மீசை முறுக்கோட வைக்கவா, முறுக்கு இல்லாம வைக்கவான்னு கேட்டாரு."

வாசலில் இருந்தவர்கள் சிரித்தார்கள். குருவம்மாள் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் முழங்காலைத் தடவிக்கொண்டிருந்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"தம்பி, நீ படிச்ச பையன். அந்த ரெண்டாயிரத்தை அவருதான் தரணுமா, அவரு பேர்ல நான் தந்தா ஏத்துக்கிடுமா?"

நான் யோசித்தேன். தருவேன் என்றுதான் எழுதியிருந்தேன். தன் கையால் தருவேன் என்று எழுதவில்லை. பதினோரு தடவை எழுதியும் அது எனக்குத் தோன்றியிருக்கவில்லை. "தெரியல மதினி" என்றேன். அதுதான் உண்மை.

"இப்ப அவரு எங்க?" என்று கேட்டாள் அக்கா.

"தின்னுட்டுக் குறட்டை விடுதாரு. நாலு மணிக்கு எந்திரிச்சு வெள்ளி மீசைத் தட்டைத் தூக்கிட்டு ஊர்வலத்துக்கு முன்னால நடக்கணும்லா."

குருவம்மாள் முந்தானை முடிச்சை அவிழ்த்து நாலு ஐந்நூறு ரூபாய்த் தாள்களை அக்காவின் மடியில் வைத்தார். நான் செல்லப்பாண்டியன் என்ற பெயருக்கு நேராக எழுதினேன். அரை மணி நேரம் ஆவதற்குள் தெருக்கோடியில் இருந்து ஒரு சத்தம் கேட்டது. மாடு கன்று போடும்போது வரும் சத்தம் என்று ஒருத்தி சொன்னாள். குருவம்மாள் காதைத் தீட்டிக் கேட்டார். "எந்திரிச்சிட்டாரு" என்றார்.

அதற்குப் பிறகு வாசலில் காத்திருந்த பெண்கள் யாரும் ரவிக்கையைப் பற்றிப் பேசவில்லை. ஒருத்தி தன் அம்மா வைத்த குழம்பை நாய்க்கு ஊற்று என்று புருஷன் சொன்னதற்காகக் கொடுத்தாள். ஒருத்தி பதினாறு வருஷத்துக்கு முந்தின ஒரு அறைக்காகக் கொடுத்தாள். ஒருத்தி தன் கம்மலை அடகு வைத்து மீசைக்குப் பிளெக்ஸ் வைத்ததற்காக, ஒருத்தி கல்லூரிக்கு அனுப்பாமல் மகளை நிறுத்தியதற்காக, ஒருத்தி காரணம் சொல்லாமல், என் முகத்தையும் பார்க்காமல், தாளை வைத்துவிட்டுப் போனாள். மகளிர் குழுக் காசு, பால் காசு, நூறுநாள் வேலைக் காசு, கோழி விற்ற காசு. செய்தி தெருத் தெருவாகப் போயிற்று. வர முடியாதவர்கள் போனில் அனுப்பினார்கள்.

"அக்கா, இவங்க உனக்காகத் தரல. வீட்டுக்காரங்க மேல இருக்கிற கோவத்துல தர்றாங்க. இதை வாங்கலாமா?" என்று கேட்டேன்.

"கோவத்துல வந்த ரூவான்னா ஆஸ்பத்திரியில வாங்க மாட்டாங்களாமா?" என்றாள் அக்கா. "பேசாம எழுதுலே. அந்தா நிக்கிற மதினியோட பேரை விட்டுட்டியே."

ஊர்வலம் ஐந்து மணிக்குக் கிளம்பியது. செல்லப்பாண்டியன் மூக்குக்குக் கீழே ஒரு கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு, ஜலதோஷம் என்று சொல்லிக்கொண்டு, வெள்ளி மீசைத் தட்டோடு முன்னால் நடந்தார். பின்னால் மேளம், அதன் பின்னால் இடது வரிசை, வலது வரிசை. தெருவின் இரண்டு பக்கமும் பெண்கள் போனைக் கையில் வைத்துக்கொண்டு அமைதியாக நின்றார்கள். போலீஸ் ஸ்டேஷன் திருப்பத்தில் முதல் மீசை முளைத்தது. பக்கத்தில் நடந்தவன் அதைப் பார்த்துச் சிரிக்கும்போதே அவனுக்கும் முளைத்தது. அதன்பிறகு விதைத்த வயலில் முளை கிளம்புவதுபோல், இங்கே ஒன்று, அங்கே ஒன்று, பிறகு வரிசை வரிசையாக, மேளக்காரன் அடிக்க அடிக்கக் கிளம்பிற்று. பாதிப்பேர் உதட்டைப் பொத்திக்கொண்டு சந்துக்குள் ஓடினார்கள். ஓடியவர்களுக்கும் ஓடிய இடத்தில் முளைத்தது. கண்மாய்க்கரைக்கு ஊர்வலம் போய்ச் சேர்ந்தபோது, விடியற்காலையில் வழித்துக்கொண்டு போன பத்தொன்பது பேரை விட்டால், பாதி மீசையோடு இருந்தவர்கள் பதினாறு பேர். அத்தனை பேரும் கல்யாணம் ஆகாதவர்கள், அல்லது பொண்டாட்டி பிறந்த வீட்டுக்குப் போய்விட்டவர்கள்.

கார்த்திகைக் கடைசியில் அக்காவுக்கு மதுரையில் ஆபரேஷன் நடந்தது. கெட்டுப்போன வால்வை எடுத்துவிட்டு, உலோக வளையத்துக்குள் திறந்து மூடும் செயற்கை வால்வு ஒன்றை வைத்தார்கள். மாசியில் ஒருநாள் அவள் வீட்டில் இருந்து கடை வரைக்கும், நடுவில் எங்கும் நிற்காமல், நடந்து வந்தாள். அப்பா காலியாக இருந்த நாற்காலியைத் தட்டிவிட்டு உட்காரச் சொன்னார்.

அப்போதுதான் செல்லப்பாண்டியன் ஆறேழு பேரோடு உள்ளே வந்தார். எல்லோருக்கும் முழு மீசை. எல்லோர் முகத்திலும் சொத்து பறிபோனவர்களின் களை.

விஷயம் இதுதான். சென்னையில் ஒரு டிவியில் அசல் பாதி மீசைக்காரர்களுக்கு ஒரு நிகழ்ச்சி நடத்துகிறார்கள். இருபத்துநாலு மணி நேரம் கேமரா முன்னால் உட்கார வேண்டும், ஒரு முடிகூட முளைக்கக் கூடாது. அந்தப் பதினாறு பேரையும் வண்டி வைத்துக் கூட்டிப் போகிறார்கள்.

"நேத்துப் பெய்த மழையில முளைச்ச பயலுவ எல்லாம் டிவிக்குப் போறானுவ. மொதல்ல மீசை எடுத்த நான் இங்க நிக்கேன்" என்றார் செல்லப்பாண்டியன். "ஏ பலவேசம், எங்க பேர்ல வந்த ரூவாயை எல்லாம் திருப்பிப் போட்டுரு. நாங்க குடுக்கல. குடுக்காத ரூவாயை நீ எப்படி வாங்கலாம்?"

அப்பா என்னைப் பார்த்தார். நான் சவாலின் விதிகளைச் சொல்ல ஆரம்பித்தேன். அக்கா கையை நீட்டி என்னை நிறுத்தினாள்.

"ரூவா இதுக்குள்ளதான் இருக்கு அண்ணாச்சி" என்று நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள். "வேணும்னா எடுத்துக்கிடுங்க."

அவர்கள் தலைகுனிந்து வெளியே போனார்கள் என்று எழுத எனக்கும் ஆசைதான். அப்படி நடக்கவில்லை. அவர்கள் யோசித்தார்கள்.

"அத எடுத்தா வேற ஆளுக்கு வைப்பாங்களா?" என்று கேட்டார் ஒருவர்.

"வச்சாலும் பழசுலா. பாதி வெலைக்குத்தான் போகும்" என்றார் இன்னொருவர்.

"பாதி வந்தா என்ன, பாதி முளைக்காம இருந்தாப் போதும்" என்றார் மூன்றாமவர், நிஜமாகவே கணக்குப் போட்டுக்கொண்டு.

பிறகு எல்லோரும் செல்லப்பாண்டியன் என்ன சொல்லப்போகிறார் என்று அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கடையில் சத்தம் அடங்கிவிட்டது. அந்த அமைதியில் டிக், டிக் என்று சின்னதாக, விடாமல், ஒன்று கேட்டது. ஒருவர் சுவரைப் பார்த்தார். மற்றவர்களும் பார்த்தார்கள். சுவரில் இரண்டு கண்ணாடிகளும் ஒரு சாமி படமும்தான் இருந்தன. எங்கள் கடையில் என்றைக்குமே கடிகாரம் இருந்ததில்லை.

அக்கா உதட்டைக் கொஞ்சம் திறந்தாள். சத்தம் தெளிவாயிற்று.

செல்லப்பாண்டியன் தன் கைக்கடிகாரத்தைக் காதில் வைத்துக் கவனமாகக் கேட்டார்.

"இதில்ல" என்றார்.